ஓனரம்மாவின் கை பட்ட சுவர்

என் பைக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஓனரம்மா எழுந்தார். மாடிப்படியில் நின்று அதைப் பார்த்த நான் முதலில் கத்தினேன். யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

மார்கழி பிறந்த புதிது. ஆவடியைத் தாண்டி எங்கள் வெள்ளானூர்ப் பக்கம் இன்னும் காலி மனைகள் நிறைய. விடியும் நேரத்தில் பனி அந்த மனைகளில் எல்லாம் இறங்கி நின்றுவிடும்; எதிர்வீட்டு கேட் கூடத் தெரியாது. தினமும் விடியலில் ஓடப் போகிறேன் என்று எனக்கு அந்த மாதம் ஒரு வைராக்கியம். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இறங்கியவன் பாதிப் படியில் நின்றுவிட்டேன். கீழே வாசலைக் கழுவி, கோலம் போட்டு முடித்திருந்தார் வீட்டு ஓனரம்மா. போட்டவரால் எழ முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினார், ஈரத்தில் வழுக்கியது. மறு கையை நீட்டி, பக்கத்தில் நின்ற என் பைக்கின் பின்கம்பியைப் பற்றினார். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டி அது. அவர் இழுக்க இழுக்க வண்டி நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தால் அப்படியே அவர் மேல்தான் சாயும்.

"அம்மா, விடுங்க விடுங்க! வண்டி சாயுது!"

"இன்னாத்துக்கு நைனா காலங்காத்தால கூவுற? டெய்லி இத்த புட்சிக்கினுதான் எயுந்துக்குறேன். ஒரு நாளாச்சும் உன் வண்டி வுயுந்துச்சா?"

டெய்லியாம். நான் மேலே போர்வைக்குள் புரண்டுகொண்டிருந்த ஒவ்வொரு காலையும் இது நடந்திருக்கிறது. அன்று நான் ஓடப் போகவில்லை. ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது: வாசலில் பைக் என்றால், வீட்டுக்குள் எதைப் பிடித்துக்கொள்கிறார்?

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் வாழ்ந்து, ரிடையர் ஆன பிறகு இந்த வீட்டைக் கட்டி, கட்டிய சில வருடங்களில் போய்விட்டார். ஒரே மகன் பெங்களூரில். ஓனரம்மா கீழே தனியாக. மாடியில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு விருதுநகர்க்காரன் நான். அம்பத்தூரில் ஐடி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே.

இதற்குச் சில நாள் முன்பு, கார்த்திகை தீபத்தன்று, வாசற்படி முழுக்க அகல் ஏற்றினார். மறுநாள் காலை தூறல். படியில் சிந்தியிருந்த எண்ணெயும் மழைத்தண்ணீரும் சேர்ந்ததில், அகல்களை எடுக்கப் போனவர் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, இடுப்பில் பெரிய ரத்தக்கட்டு. மகன் வந்தார். அவர்கள் பேசியது மாடிவரை கேட்டது.

"இன்னொரு தடவை நீ விழுந்த, அவ்ளோதான். வீட்டப் பூட்டிட்டு பெங்களூரு. பேச்சே கிடையாது."

"அங்க இன்னா கீது? பத்தாவது மாடி. எட்டிப் பாத்தா தெருவே தெர்ல. வாசல் இல்லாத ஊட்ல நான் இன்னா பண்றது?"

கிளம்பும்போது மகன் மாடிக்கு வந்தார். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அம்மாவுக்குக் கம்பளி சாக்ஸ் வாங்கி வந்ததைச் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தம்பி, அவங்க விழுந்தா எங்கிட்ட சொல்ல மாட்டாங்க. நீங்க மறைக்காம ஒரு போன் அடிச்சிருங்க" என்றார். நம்பரைப் பதிந்துகொண்டேன். அன்றிலிருந்து என் பையில் இருந்தது போன் இல்லை. ஒரு கிழவியின் வீட்டைப் பூட்டக்கூடிய சாவி.

பைக் சம்பவத்துக்கு இரண்டொரு நாள் கழித்து, ஓனரம்மா பல்பு மாட்டக் கூப்பிட்டார். ஸ்டூலில் ஏறி பல்பைத் திருகிவிட்டுக் கீழே பார்த்தேன். சுவரில் ஒரு கறை. இடுப்புயரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் தொடங்கி, எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறிய பழுப்புத் தடம். கதவு நிலையில் கருத்து, ஃப்ரிட்ஜின் விளிம்பில் பளபளத்து, பாத்ரூம் வாசலில் உள்ளங்கை அளவுக்கு அப்பியிருந்தது. உள்ளே துண்டு போடும் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். பல் ஆடுவது போல ஆடியது. ஒரு ஸ்க்ரூ ஏற்கெனவே வெளியே வந்திருந்தது. ஈரத்தரையில் நின்றுகொண்டு இதைத்தான் நம்பியிருக்கிறார்.

பயத்தோடு எனக்கு உற்சாகமும் பிடித்துக்கொண்டது. அப்படித்தான் நான். மேலே ஓடி இன்ச் டேப்பை எடுத்து வந்தேன்.

"இன்னா நைனா, ஊட்ட அளக்குற? வாங்கப் போறியா?"

"அம்மா, இங்க பாருங்க. எங்கெங்க கைப்பிடி வேணும்னு நீங்களே சுவர்ல எழுதி வெச்சிருக்கீங்க! கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் அப்படியே ரூட்டு. கரையான்சாவடியில ஹார்டுவேர் கடை இருக்கு, ஸ்டீல் கம்பி வாங்கி நானே அடிச்சிடறேன்."

அவர் சுவரைப் பார்த்தார். முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முந்தானையால் ஒரு இடத்தைத் தேய்த்தார். போகவில்லை.

"இம்மாம் அழுக்கா கீது. ஒரு நாயும் சொல்லலியே."

"அழுக்கை விடுங்கம்மா. கம்பி..."

"கம்பி கிம்பின்னு எதனா எடுத்தாந்த, மேல் போர்ஷன காலி பண்ணிக்கினு போய்டு. ஆஸ்பத்திரி கணக்கா சுத்திக் கம்பிய வெச்சா, என் புள்ள பொங்கலுக்கு வந்து பாத்துட்டு இன்னா சொல்லுவான்? சரி, அம்மா கத முட்ஞ்சிச்சு, தூக்கி வண்டில போடுன்னுவான்."

இன்ச் டேப்பைச் சுருட்டினேன். கீழே விழாமல் இருக்க எது தேவையோ, அதை வைத்தாலே விழப்போகிறவர் என்று ஆகிவிடும். அவர் கணக்கு அது. தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

நானாகச் செய்ய முடிந்ததைச் செய்தேன். நடையில் ஆள் வந்தால் எரியும் ஒட்டு விளக்கு ஒன்று. "பேய் வூடு மாரி தானா எரியுது" என்று திட்டு வாங்கினேன். பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்தேன். மறுநாள் காலை கீழிருந்து குரல் வந்தது: "இன்னா நைனா, உன் வண்டிக்கு திமிரு ஏறிக்கிச்சா? அசையவே மாட்டேங்குது." அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. பொங்கல் நெருங்கியதும் பெயின்டரை வரவழைத்துவிட்டார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லோரும் செய்வதுதான். அவர் அடித்தது மகன் கண்ணுக்காக. ஆபீஸ் முடிந்து வந்து எட்டிப் பார்த்தேன். சந்தன நிறத்தில் சுவர் பளிச்சென்று இருந்தது. பழுப்புத் தடம் மொத்தமும் போய்விட்டது. சுவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. அதைவிட மோசம், ஃப்ரிட்ஜ் இடம் மாறியிருந்தது. பெயின்ட் அடிக்க இழுத்தவர்கள் எதிர்மூலையில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

"அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிடலாமா?"

"சும்மா கெடக்கட்டும் நைனா. அங்கதான் சோக்கா கீது. செவுரு காயட்டும்."

அந்தச் சுவர்களுக்கு நடுவில், இல்லாத ஃப்ரிட்ஜை நோக்கி, கம்பளி சாக்ஸ் போட்ட கால்கள் டைல்ஸில் நடப்பதை நான் நினைத்துப் பார்த்தேன். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை. அபசகுனமாகப் பட்டது.

இன்று போகி. விடியலில் தெருப் பிள்ளைகளின் மேளச் சத்தத்தில்தான் விழித்தேன். பனியும் புகையும் கலந்து கண் எரிந்தது. பால்கனியிலிருந்து தெருவைப் பார்த்தேன். வாசலுக்கு வாசல் கோலம். எங்கள் வாசல் மட்டும் காய்ந்து கிடந்தது.

படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். கூப்பிட்டேன். அவர் போனுக்கு அடித்தேன். உள்ளே அடிப்பது எனக்கே கேட்டது. அடித்து அடித்து ஓய்ந்தது. மேளச் சத்தம் வேறு எதையும் கேட்கவிடவில்லை. இந்தப் பிள்ளைகள் ஒரு நிமிடம் நிறுத்தித் தொலைக்க மாட்டார்களா! கதவில் காதை வைத்தேன். அங்கும் மேளம்தான் கேட்டது. கை தானாகப் பெங்களூர் நம்பரைத் தேடி எடுத்துவிட்டது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவை உடைப்பதா, முதலில் மகனுக்குச் சொல்வதா? உள்ளே அவர் மூச்சு இருக்கிறதா? உள்ளங்கையால் கதவை அறைந்தேன்.

"அம்மா!"

"...கத்தாத நைனா."

கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது குரல். நானும் படியில் உட்கார்ந்து கதவின் அடிப்பக்கம் குனிந்தேன்.

"விழுந்துட்டீங்களா?"

"வுயல. குந்திக்கினு கீறேன்."

"எங்க குந்தினீங்க? எப்படி?"

"சமையக்கட்டாண்ட சறுக்கிச்சு. உன் பேய் வெளக்கு அங்க எட்டாது. ஃப்ரிட்ஜு இருக்குதுன்னு கைய நீட்டிட்டேன். இருட்டு. குந்தினமேனிக்கே தேச்சிக்கினு வந்துட்டேன். எய முடில. தாப்பா எட்டல."

"தலையில அடிபட்டுதா? கை கால் அசையுதா? இருங்க, எதிர்வீட்ல சொல்லி..."

"டேய்! எவன்கிட்டயாவது சொன்ன, மூஞ்ச பாக்க மாட்டேன். எதிர்வூட்டுக்குத் தெரிஞ்சா பெங்களூருக்கு தந்தி போயிடும்."

என்ன செய்வது? கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மேல் தாழ்ப்பாள், பழையது, லூசானது. கைப்பிடியைப் பக்கவாட்டில் தட்டிவிட்டால் தானே கீழே விழும். எட்டத்தான் வேண்டும். ஒட்டடைக்கம்பு எங்கே என்று கேட்டேன். போகிக்கு வீடு சுத்தம் செய்து கதவுக்குப் பின்னாலேயே சாத்தியிருந்தாராம். அதை எடுத்து, உட்கார்ந்தபடியே தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முனகல். இடையில் சத்தமே இல்லாமல் போனபோது, போன் திரையைத் திரும்பவும் பார்த்தேன். மயங்கிவிட்டாரா?

"இருக்கேன்டா, மூச்சு வாங்குது" என்றார்.

கடைசியில் தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்தது. மெதுவாகக் கதவைத் தள்ளினேன். தலைமுடி முழுக்க ஒட்டடையோடு, காலில் மகன் வாங்கித் தந்த சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். சாக்ஸை முதலில் கழற்றினேன். தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். உடம்பு சில்லிட்டிருந்தது. போர்வையைச் சுற்றினேன். கையை மடக்கச் சொன்னேன், காலை நீட்டச் சொன்னேன். எல்லாம் வேலை செய்தது. முழங்கை மட்டும் சிராய்ப்பு. காபி குடித்த பிறகுதான் அவருக்கு நடுக்கம் அடங்கியது.

"சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டறோம். அப்புறம் கம்பி வெக்கிறோம். ரெண்டும் நடக்கணும்மா. இல்லேன்னா நான் உங்க மகன்கிட்ட சொல்லித்தான் ஆகணும்."

"மெரட்றியா?"

"இல்லம்மா. பயப்படறேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பதிலுக்கு ஏதாவது நக்கல் வரும் என்று காத்திருந்தேன்.

"வுயுந்தப்பகூட நான் பயப்படல நைனா. நீ கதவத் தட்டினப்பதான் பயந்துட்டேன். போன் போட்டுட்டியோன்னு. அதான் மொதல்ல வாயே தொறக்கல."

நான் கதவுக்கு வெளியே செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் உள்ளே என் குரலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். இது என்னை உலுக்கிவிட்டது. உதவி வந்து கதவைத் தட்டும்போது ஒளிந்துகொள்ளத் தோன்றினால், அந்த உதவி எதற்கு?

கொஞ்ச நேரம் கழித்து, கோலத்துக்குக் கரைத்து வைத்திருந்த காவிக் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார். வாசலுக்குத்தான் போகப் போகிறார் என்று நினைத்துத் தடுக்கப் போனேன். அவர் உள்ளங்கையைக் காவியில் தோய்த்தார். என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து நடக்க ஆரம்பித்தார். கை தானாகப் போய் எங்கே பதிகிறதோ அங்கே பதித்தார். புதுச் சந்தனச் சுவரில் செக்கச்செவேல் என்று ஒரு கை. நிலையில் ஒன்று. ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் கை காற்றைத் துழாவியது. சட்டென்று என் தோளை இறுக்கினார், நகம் பதிந்தது. பிறகு அதற்குப் பின்னாலிருந்த சுவரில் ஒன்று. பாத்ரூமுக்குள் இரண்டு.

"புது பெயின்ட்டும்மா" என்றேன்.

"தெரியும். காசு குட்த்தது நானு."

நாளை காலை மகன் வருகிறார். உள்ளே நுழைந்ததுமே அந்தச் சிவப்புக் கைகள் கண்ணில் படும். அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நானே சொல்லிக்கிறேன். வுயுந்தேன்னு சொல்லுவேன். கம்பி அடிச்சிக் குடு, இங்கயே கீறேன்னு கேப்பேன். நீ பக்கத்துல நில்லு, பேசாத. நீ பேசினா கெடுத்துடுவ." வாஸ்தவம்தான்.

மகன் ஒப்புக்கொண்டால், பொங்கல் முடிந்து கடை திறந்ததும் கம்பி வாங்கி வந்து பாத்ரூமில் ஆரம்பிக்கலாம். ட்ரில்லிங் மிஷின் சென்னீர்குப்பத்தில் இருக்கும் நண்பனிடம் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாயிற்று. ஃப்ரிட்ஜைப் பழைய இடத்துக்குத் தள்ளியாயிற்று. இருட்டுவதற்குள் இன்னொரு வேலை. மேல் தாழ்ப்பாளைக் கழற்றி, தரையில் உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் உயரத்தில் மாட்டப் போகிறேன். ஸ்க்ரூ டிரைவரோடு கீழே போகிறேன். அவர் நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த உயரம் என்று கையை நீட்டிக் காட்டக் காத்திருக்கிறார்.