அரளி வெட்டிய நாட்கள்

பாலக்கரையில் நான் குடித்தனம் நடத்திய வீட்டுக் கொல்லையில், ஆள் உள்ளே நின்றால் வெளியே தெரியாத அளவுக்குப் பூச்செடிகள் மண்டிக் கிடந்தன. வேலியாகவே நெடுகச் செவ்வரளி. அதற்கு முன்னால் செம்பருத்தி, கிணற்றை ஒட்டி நந்தியாவட்டை, நடுவில் ஒரு மருதாணி. எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த யாரோ ஆசையாக வைத்தவை. பிறகு பல வருஷம் யாரும் கத்தி வைக்காததால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓட்டுக்கூரை வரை ஏறிவிட்டன. பூவெல்லாம் உச்சியில்தான். கீழே காய்ந்த குச்சியும் இருட்டும்தான்.

நான் முசிறியில் பிறந்தவள். அப்பாவுக்கு வாழைத்தோட்டம், அதன் ஓரத்தில் நாலு வரிசை மல்லிகை. பனி விழும் மாதத்தில் அப்பா மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுவார். பார்க்கச் செத்துப்போன மாதிரி இருக்கும். பங்குனியில் பூப் பறிக்க ஆள் போதாது. அந்தப் பழக்கத்தில், கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இதையெல்லாம் கழிச்சு விட்டா நல்லா பூக்குங்க."

"மேல கை வைக்காத" என்றார். "அந்தப் பக்கம் பாய் வீட்டுப் பொம்பளைங்க புழங்குற இடம். மறைப்பு வேணும். நாம மரியாதையா இருக்க வேணாமா?"

அவருக்கு அரிசி மண்டியில் வேலை. அறுவடைக் காலத்தில் முசிறி, துறையூர்ப் பக்கம் போய் நெல் பிடித்துக்கொண்டு வருவார். வெளியில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தெருவில் யார் எதிரே வந்தாலும் ஒதுங்கி வழிவிடுவார். இவ்வளவு அடக்கமான மனிதர் சொல்கிறாரே, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

முதல் தடவை அவர் என்னை அடித்தது கூடத்தில். மோர் புளித்துவிட்டது என்று சொம்பை முகத்தில் வீசினார். நான் கத்தியது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். ஒட்டுச்சுவர். யாரோ இருமினார்கள். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னை வீட்டுக்குள் அடிக்கவில்லை. கொண்டையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போவார். அரளிக்கும் மருதாணிக்கும் நடுவில் இரண்டு பேர் நிற்க இடம் இருந்தது. அங்கேதான் எல்லாம். அடிக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு மட்டும் வாங்கும். நானும் சத்தம் வரக்கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். அவமானம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருதாணிக் குச்சி முதுகைக் கிழிக்கும். பிறகு வெகு நேரம் அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். எறும்பு ஏறும்.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. பாய் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் கேட்டாள்.

"மாமி, அங்க என்னா சத்தம், தொம்மு தொம்முன்னு?"

"துணி தொவைக்கிறாங்க" என்றாள் மாமியார்.

அந்த அம்மாவை நான் அதுவரை முகம் பார்த்ததில்லை. வளையல் கடை பாயின் மனைவி என்று மட்டும் தெரியும். அவள் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒன்று அப்போது எனக்குப் புரிந்தது. என்னை அங்கே அடித்தே கொன்று போட்டாலும், உலகத்துக்கு அது துணி துவைக்கிற சத்தம்தான்.

அந்த மார்கழியில் அவர் அடித்த அடியில் என் இடது காது போயிற்று. அறை விழுந்ததும் உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது. கழுத்துவரை சூடாக வழிந்தது. அன்றைக்கு முந்தானையை வாயில் திணிக்கவும் எனக்குத் தோன்றவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தேன். கண்ணெதிரே மண்ணில் என் வளையல் துண்டுகள் கிடந்தன. பச்சை, சிவப்பு, போன வருஷத்துக் கறுப்பு, எல்லாம். நிமிர்ந்து பார்த்தேன். அரளித் தண்டு என் தொடை கனத்துக்கு நின்றது. இதை வெட்ட வேண்டும் என்று நினைத்தேன். வேறு எந்த நினைப்பும் இல்லை.

பொங்கல் கழிந்து அவர் நெல் பிடிக்க முசிறிக்குக் கிளம்பினார். பஸ் ஏறியிருப்பார் என்று தெரிந்ததும், விறகு வெட்டும் அருவாளை அம்மிக்கல்லில் தீட்டினேன். முடியை இறுக்கி முடிந்து, புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

அப்பா கழிக்கும்போது கணுவுக்கு மேலே பார்த்துச் சாய்வாக ஒரே வெட்டில் எடுப்பார். நான் அப்படி வெட்டவில்லை. கொத்தினேன். செம்பருத்திக்கு நார் அதிகம். ஒரு வெட்டில் அறாது. பாதி அறுந்து பட்டையோடு தொங்கியதைக் காலால் மிதித்து முறித்தேன். மருதாணி என் கையெல்லாம் கீறியது. அதன் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருகி எடுத்தேன். அணில் கூடு ஒன்று தலையில் விழுந்தது. எட்டி உதைத்தேன். எனக்குள் இவ்வளவு ஆங்காரம் இருந்தது எனக்கே தெரியாது. ஒவ்வொரு வெட்டுக்கும் வாயிலிருந்து சத்தம் வந்தது. எத்தனையோ நாள் முந்தானைக்குள் போன சத்தம்.

அரளிதான் கடைசி. வெட்டினால் பால் பீச்சும். விஷப் பால். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்து எரிந்தது. கிணற்றடிக்கு ஓடித் தண்ணீரை அடித்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் வெட்டினேன். முதல் தண்டு சாய்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தது. அங்கே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். உயரமானவள். தலையில் முக்காடு. கையில் முறம்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். காதைப் பார்த்தாள். கழுத்தில் இருந்த தழும்பைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மறைப்புப் போகுதுன்னு வருத்தப்படாதீங்கக்கா" என்றேன். "எனக்கு வேற வழியில்ல."

முறத்தைக் கீழே வைத்தாள். "எங்களுக்கு மறைப்பு வேணும்னா நாங்க ஓலை கட்டிக்குவோம் தங்கச்சி. நீ வெட்டு."

கொஞ்ச நேரத்தில் மருமகள் ஒரு ரம்பம் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கமிருந்து அவள் அறுத்தாள். இந்தப் பக்கமிருந்து நான் வெட்டினேன். யாரும் எதையும் விசாரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்த அம்மா சொன்னாள், "ஆட்டை அவுத்து விட்டுடாத, அரளி தழையைத் தின்னா செத்துப்போயிடும்" என்று, மருமகளிடம். அன்றைக்குப் பொழுது சாயும் முன் வேலியோரம் பாதி வெளுத்துவிட்டது. மறுநாள் மீதியை எடுத்தோம்.

அவர் ஒரு வாரம் கழித்துத்தான் வருவார் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு உச்சி வேளையிலேயே வந்துவிட்டார். நான் வேலிக்கோடியில் கடைசி அரளியை வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பின்கட்டு வாசலில் பையோடு நின்றார். கொல்லை வெட்டவெளியாக இருந்தது. முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் கட்டைகள். அதற்கு அப்பால் பாய் வீட்டு முற்றம் அப்படியே தெரிந்தது. கொடியில் துணி, மருமகள் உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா" என்றார், மெதுவாக.

"வேலை இருக்குங்க."

"உள்ள வான்னேன்."

"எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க."

பையை வைத்துவிட்டு இறங்கி வந்தார். வெட்டிப் போட்ட குவியலிலிருந்து ஒரு அரளிக் கம்பை உருவினார். அந்த இடத்தில் கால் வைத்ததும் அவருக்குப் பழைய மாதிரியே தோன்றியிருக்க வேண்டும். சுற்றிலும் ஒன்றும் இல்லை என்பதே மறந்துவிட்டது போலிருந்தது. பல்லைக் கடித்தார். முதல் அடி கழுத்தில் விழுந்தது. பச்சைக் கம்பு. தோலோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. அடுத்தது முதுகில். அதற்கடுத்தது எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் அருவாளோடு திரும்பினேன். மிரட்டத் திரும்பவில்லை. வெட்டத்தான் திரும்பினேன்.

அவருக்குப் பலம் அதிகம். என் மணிக்கட்டைத் திருகி அருவாளைப் பிடுங்கி ஓங்கினார். கையைக் குறுக்கே கொடுத்தேன். முழங்கைக்குக் கீழே விழுந்தது வெட்டு. வலிக்கவில்லை. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. பிறகுதான் இரத்தம் வந்தது. அவர் மறுபடியும் ஓங்கினார்.

உரல் சத்தம் நின்றிருந்தது. அந்த அம்மா மருமகள் கையிலிருந்து உலக்கையை வாங்கிக்கொண்டு கட்டைகளைத் தாண்டி வந்தாள். ஓடவில்லை. நடந்துதான் வந்தாள். முக்காடுகூட நழுவவில்லை. வந்த வேகத்தில் உலக்கையால் அவர் மணிக்கட்டில் போட்டாள். காய்ந்த கிளை முறிகிற சத்தம். அருவாள் கீழே விழுந்தது. இரண்டாவது அடி தோளில். அவர் சரிந்து உட்கார்ந்தார். மூன்றாவது தடவை உலக்கையைத் தூக்கியபோது, "போதும் மாமி" என்று மருமகள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

அவர் மண்ணில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக அழுதார். எனக்குப் பாவமாக இல்லை. வயிறு குளிர்ந்தது.

"இத்தனை நாளு காது கேக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றாள் அந்த அம்மா. என் கையை அவள் துப்பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள். என்னிடமா அவரிடமா என்று தெரியவில்லை.

அடுத்து என்ன நடக்குமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். வளையல் கடை பாய் விஷயம் கேட்டு ஓடிவந்தவர், முகம் வெளிறி நின்றார். ஒரு துலுக்கப் பெண்பிள்ளை இந்து ஆண்பிள்ளையின் கையை முறித்தாள் என்று பரவினால், தெரு இரண்டாகும், கடைகள் எரியும். அந்தக் காலத்தில் அதற்கு இதைவிடச் சின்னக் காரணமே போதும். சாயந்திரம் மண்டி முதலாளி ஆட்களோடு வந்தார். என் வீட்டுக்காரர் கையில் மூங்கில் பட்டை வைத்துக் கட்டி, கூடத்தில் படுத்திருந்தார்.

"என்னாய்யா ஆச்சு? யாரு செஞ்சது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேங்க."

ஒரு பெண்பிள்ளையிடம் அடிபட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த ரோஷம்தான் அன்றைக்குத் தெருவைக் காப்பாற்றியது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். என் கைக்கட்டுத் துணியில் இரத்தம் ஊறியிருந்தது. "உனக்கு என்னம்மா கையில?"

"இவரு அருவாளால வெட்டினாருங்க."

முதலாளி தரையைப் பார்த்தார். பிறகு, "செடி வெட்டுறப்ப பட்டிருக்கும்" என்றார், எனக்கு ஒரு வழி விடுகிற மாதிரி.

"இல்லைங்க. செடியை வெட்டினது நான். என்னை வெட்டினது அவரு."

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மண்டியில் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

எலும்பு கூடும்வரை நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன். என் கையிலும் கட்டு, அவர் கையிலும் கட்டு. வாயைத் திறப்பார், வைப்பேன். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த பிடியை அழுத்தி வைப்பேன். அன்பால் இல்லை.

கொல்லையில் செடிகள் துளிர்த்தன. செம்பருத்தி கைக்கெட்டும் உயரத்தில் பூத்தது. அவர் கொல்லைக்கு வருவதையே விட்டுவிட்டார். எல்லாம் அடங்கிவிட்டது என்று நான் நம்பியிருந்தபோது, ஆடியில் ஒரு பகல், தெருக்கதவையும் பின்கதவையும் தாழ் போட்டுவிட்டு, கூடத்தில் வைத்தே அடித்தார். இடது கையால். வலது கைக்குப் பழைய பலம் திரும்பவில்லை. என்னால் அவரைத் தள்ள முடிந்தது. தள்ளினேன். தூணில் மோதி உட்கார்ந்தார். நான் பின்கதவின் தாழை நீக்கிவிட்டு, மாற்றுப் புடவைகூட எடுக்காமல், கட்டைகளைத் தாண்டிப் பாய் வீட்டுக்குள் போனேன். திரும்பி அந்த வீட்டுக்குப் போகவில்லை.

பாய் வீட்டிலிருந்து முசிறிக்குப் போனபோது அப்பா சொன்னார், "பொறுத்துப் போம்மா, வயசானா சரியாயிடுவாரு." கையைக் காட்டினேன். அவர் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் என்னை அங்கே வைத்துக்கொள்ளவும் அண்ணன்மாருக்கு மனமில்லை. ஒரு வருஷம் வாழைத்தோட்டத்தில் கூலி ஆட்களோடு ஆளாக வேலை செய்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு ஐயங்கார் வீட்டுப் பூந்தோட்டம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. பெருமாளுக்குப் புஷ்பம் கொடுத்ததுபோக மீதியை விற்றுக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த வீட்டு மாமி முதல்நாள் என்னிடம், "இவ்வளவு கோரமா வெட்டறியே, பட்டுப்போயிடாதோ?" என்று கேட்டாள். "போகாதுங்க" என்றேன். நிதானமாக வெட்டக் கற்றுக்கொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒருநாள் பாலக்கரை அக்கா ஜட்காவில் பாலம் தாண்டி வந்தாள். மருமகளும் கூட வந்திருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. பாய் காலமாகியிருந்தார். என் வீட்டுக்காரர் திண்டுக்கல் பக்கம் போய் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று அக்காதான் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமாக்கா?"

"தெரியலியே தங்கச்சி."

அங்கேயும் ஒரு கொல்லை இருக்கும் என்று நினைத்தேன். மருமகளின் பிள்ளை மண்ணில் கிடந்த கனகாம்பரத்தைப் பிய்த்து வாயில் வைத்தது. அக்கா குனிந்து அதன் வாயிலிருந்து விரலால் எடுத்துப் போட்டாள். நான் எழுந்து அடுப்பு மூட்டப் போனேன்.