முறத்தில் கலைத்த வீடுகள்: பாகூர்ப் பக்கம் ஒரு பயணம்

பிரெஞ்சுக்காரர் போன இரண்டாம் வருஷம் அது. பாகூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் எங்கள் மாதர் சங்கம் வீடு வீடாகத் தண்ணீர்க் கணக்கு எடுத்திருந்தது. வாய்க்கால் நீர் குடித்த வீடுகளில்தான் பிள்ளைகள் பேதியில் போயிருந்தன. நல்ல கிணறு நிலத்துக்காரருடையது. குத்தகைக் குடிகள் அதில் வாளி போட முடியாது. பொதுக்கிணறு கேட்டு அதிகாரியிடம் காட்ட, அத்தனை தாள்களையும் ஒரே படமாக வரைந்தேன். பிள்ளை இறந்த வீடுகளுக்குக் கறுப்புக் கூரை.

புதுச்சேரியிலிருந்து காலை ஆறரைப் பேருந்து, பன்னிரண்டு மைல், அப்போது ஆறணா. பிறகு இரண்டு மைல் மாட்டுவண்டி. இடுப்பில் இருந்த எட்டு மாத மகளுக்குக் கொதித்தாறிய நீரைப் புட்டியில் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அது போதுமா என்றே பயம்.

அதிகாரியோடு கூட்டம் பதினொன்றுக்கு. முன்னதாக அஞ்சலையிடம் (பெயர் மாற்றியிருக்கிறேன்) படத்தை விரித்தேன். சித்திரையில் மகனைப் பறிகொடுத்தவள். எங்களிடம் மனம்விட்டுப் பேசியவள். எழுத்துத் தெரியாது. ஆனால் அவள் விரல் நேரே ஒரு கறுப்புக் கூரையில் போய் நின்றது.

"வாய்க்கா திருப்பம், பக்கத்துல பனமரம். இது எங்க வூடுதானே?"

"ஆமாம்" என்றேன், பெருமையாக.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க! யார் யார் பேசினதுன்னு நெலத்துக்காரருக்குத் தெரிஞ்சிடுமே. குத்தகைய புடுங்கிட்டா எங்க போவோம்? பேரு எழுதலன்னு சொன்னியே?"

பெயர் எழுதவில்லைதான். வீடு இருந்த இடமே பெயரைச் சொல்லிவிட்டது. மணி பத்து.

வீடுகளை மட்டும் கத்தரித்தோம். அஞ்சலை அவற்றை முறத்தில் போட்டுக் குலுக்கினாள். "நல்லா கலங்கட்டும். படிச்ச புள்ளைக்கும் தெரியக் கூடாது." வாய்க்கால் வீடுகளுக்கு மண்நிறம், கிணற்று வீடுகளுக்கு நீலம் தீட்டியிருந்தேன், நிறம் பார்த்து இரண்டு வரிசையாகக் கஞ்சிப் பசையில் ஒட்டினேன். கறுப்புக் கூரையெல்லாம் ஒரே வரிசையில் விழுந்தது.

அதிகாரி ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, கிணற்றுக்கு எழுதுவதாகச் சொன்னார். அப்போது நிலத்துக்காரர் வந்து படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இதுல அஞ்சல வூடு எதும்மா?"

"எனக்கே தெரியாதுங்க."

பொய்யில்லை. ஆனால் அந்தப் பெயரை ஏன் சொன்னார்?

இப்படிப் படத்தோடு கிளம்புகிறவர்களுக்கு: கூட்டத்துக்கு முந்தின நாளே போய்விடுங்கள். படத்தில் இருப்பவர்களிடம் முதலில் காட்டுங்கள். கத்தரிக்கோல் அவசியம். அஞ்சலை குடும்பம் இப்போது வேறு ஊரில். அவளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருஷ நடவுக் காலத்தில் பயம் தாளாமல் மறுபடி போனேன். அதே குத்தகை வயலில் அஞ்சலை நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நிலத்துக்காரர். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யாரோ வழிப்போக்கர் என்பதுபோல் மறுபடி குனிந்துகொண்டாள். நானும் நிற்காமல் நடந்தேன்.