எண்ணெய் குளித்த வளையம்

அத்தானின் காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தங்கமான மனுஷர் என்றார்கள். உண்மைதான். ஆனால் அவரைப் பார்த்திராதவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்? அதனால் இதை எழுதுகிறேன்.

என் அக்கா வடிவம்மாளின் கணவர் ஆவுடையப்பன். தென்காசியில் பூட்டு, தாழ்ப்பாள் பழுது பார்ப்பவர். சாரல் காலத்தில் மட்டும் குற்றாலத்தில் பலூன்காரர். பேரருவிக்குப் போகும் வழியில் கூட்டத்துக்கு மேலே ஒரு வண்ணக்கொத்து ஆடினால், அதன் அடியில் அவர் நிற்கிறார் என்று பொருள். மற்றவர்கள் வாயால் ஊதிய பலூன் தரையில் உருளும். அவருடையது பறக்கும். இரும்பு உருளைக்குள் காரநீரும் உடைந்த அலுமினியப் பாத்திரத் துண்டுகளும் போட்டு, மூடியைத் திருகி இறுக்குவார். உள்ளே பொங்குகிற வாயுவைக் குழாய் வழியாகப் பலூனில் பிடிப்பார். கல்லூரியில் நான் ஹைட்ரஜன் என்று படித்ததற்கு அவர் வைத்த பெயர் லேசுக்காத்து.

ஆலங்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த எங்கள் அப்பா காந்திமதிநாதனுக்கு இது அறவே பிடிக்கவில்லை.

"காத்த வித்துப் பொண்டாட்டியக் காப்பாத்துதாராம்! மாப்பிள்ளை, இந்த ஒரு சீசன் பாக்கேன். சரிப்படலைன்னா பேசாம வந்து கடையில உக்காரும்."

அப்பாவின் இருமலுக்குப் பக்கத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை துவரம்பருப்பு நிறுப்பது அத்தானுக்கு அந்தமான் சிறைக்குப் போவது மாதிரி. ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷத்துச் சாரலுக்கு அவர் ரொம்பவும் கவனமாகத் தயாரானார். கவனம் கொஞ்சம் கூடிப்போனதுதான் வினை. மூடிக்கு அடியில் காற்று கசியாமல் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்று சீசன் இல்லாத மாதங்கள் முழுக்க நல்லெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார்.

"மனுச ஒடம்புக்கே எண்ணெ தேச்சாத்தான் சொகம். ரப்பருக்கு ஆவாதா?" என்று அக்காவிடம் கேட்டாராம்.

சீசனின் முதல் நாள் அப்பாவே வந்துவிட்டார். தட்டில் தேங்காய், பழம், கற்பூரம். தொழில் செய்யும் பொருளுக்குப் பூசை போடாமல் எப்படி? அத்தான் அதற்கு முன்பே உருளையை மூடி இறுக்கியிருந்தார். முதல் பலூனைக் குழாயில் மாட்டினால் அது பாதி வீங்கி அப்படியே நின்றது. அவர் குனிந்து மூடியருகே காது வைத்தார். அப்பா கற்பூரத்தைக் கொளுத்தி, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே தட்டை மூடிக்கு நேராகக் கொண்டுபோனார்.

அத்தான் தட்டை ஓங்கித் தட்டிவிட்டார். கற்பூரம் சேற்றில் விழுந்து அணைந்தது. தேங்காய் உருண்டது. வாழைப்பழத்தை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டது.

"சாமி தட்டத் தட்டிவிட்டுட்டீரே வே!" அப்பாவுக்கு மீசை நடுங்கியது. "முதல் நாளே இப்படியா? வடிவு, பொட்டியக் கட்டுட்டி. எல்லாரும் ஆலங்குளம் போவோம்."

"மாமா, வையிறத அப்புறம் வையுங்க. இங்கன காது வச்சுக் கேளுங்க."

அப்பா கேட்டார். "என்னவே, பாம்பு சீறுது?"

"பாம்பு இல்ல. உங்க கற்பூரத்தத் தேடிக்கிட்டு காத்து வருது."

பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் சங்கரபாண்டியிடம் அத்தான் சோப்பு நுரை வாங்கினார். மூடியைச் சுற்றி அப்பினதும் ஓரிடத்தில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. அதைத் தேங்காய்ச் சிரட்டையில் வழித்து, தூரத்தில் ஒரு பாறைமேல் வைத்தார். எல்லோரையும் விலக்கிவிட்டு, நீளமான மூங்கில் நுனியில் கட்டிய எரியும் கயிற்றை நீட்டினார்.

டப்!

ஒரு தீப்பந்து எழுந்து மறைந்தது. குரங்கு பழத்தைப் போட்டுவிட்டு ஓடியது. அப்பா சங்கரபாண்டியின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு சிரட்டைக்கே இந்தப் பாடா? அப்ப அந்தச் சிலிண்டர்?"

அத்தான் கூட்டத்தை ஒதுக்கி, குழாயைத் திறந்துவிட்டு, காற்று முழுவதும் போகும்வரை காத்திருந்தார். பிறகு மூடியைக் கழற்றினார். வளையம் ஊறிய உளுந்தவடை மாதிரி உப்பி, கையோடு பிய்ந்து வந்தது. எண்ணெயில் போட்ட கதையை அக்காதான் அப்பாவிடம் சொன்னாள். அன்றைக்கு ஒரு பலூன்கூடப் பறக்கவில்லை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, "சரி மாமா, கடைக்கு வாரேன்" என்றார்.

அப்பா வளையத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"வேண்டாம். உம்மக் கூட்டிட்டுப் போனா என் மொளகா மூடைக்கும் எண்ணெ தேச்சு வச்சிருவீரு. இங்கனயே கிடயும்."

மறுநாள் தென்காசியில் பழைய மோட்டார் டியூபை வெட்டிப் புது வளையம் போட்டார்கள். பலூன் பறந்தது. அப்பா அந்த முறை ஊர் திரும்பவே இல்லை. சீசன் முடியும்வரை உருளையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். "ஏலே, பீடிய அணைச்சிட்டு வாலே! கண்ணு தெரியல?" அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் சாரல் விழுந்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அருவிச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்கும்.

உருளை இப்போது வீட்டு மூலையில் காலியாகக் கிடக்கிறது. அத்தான் படத்துக்கு ஏற்றிய அகல்விளக்கை அதன் மேல் வைக்கப் போனேன். அக்கா பதறி ஓடிவந்தாள்.

"ஏலே, அதுமேல வைக்காத!"

"உள்ள ஒண்ணும் இல்லக்கா."

"இல்லாட்டி என்ன? அப்பா பாத்தா வைவாக."

அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. விளக்கை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.