நான் வாயைத் திறந்தால் நிற்கும் வண்டி

என் அக்காள் கணவரிடம் பெட்ரோலில் ஓடும் ஒரு பழைய ட்ரக் இருந்தது. தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள், உள்ளே ஆம்ப்ளிஃபயர், பக்கத்துச் சீட்டில் மைக்கோடு நான். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழா அறிவிப்பதுதான் எங்கள் பிழைப்பு. மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். எனக்குக் கத்தத் தெரியும்.

இன்ஜினுக்குப் பொறி தரும் பாயிண்ட் அடிக்கடி கருகிவிடும். அதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போன மாமா, விழுப்புரத்துக் கடையொன்றில் அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வந்ததாம்.

மறுநாள் திருவக்கரை பௌர்ணமிக்கான அறிவிப்பு. "பக்தகோடிப் பெரு..." என்று இழுத்தேன். வண்டி இருமிவிட்டு நின்றது. தள்ளி ஸ்டார்ட் செய்தோம். அடுத்த தெருவில் மறுபடியும் "பெரு...", மறுபடியும் இருமல். பாதி ஊர்கள் பாக்கி விழுந்தன.

அறிவிப்பு கொடுத்த பெரியவர் மாமாவைக் கூப்பிட்டார். "நாளைக்கும் நின்னுட்சின்னா ஆட்டோக்காரன்கிட்ட குடுத்துடுவோம்பா. கோவிச்சிக்காத."

"சரிங்க" என்றார் மாமா. மாதம் தவறாமல் வந்த ஒரே வேலை அதுதான்.

கூட்டேரிப்பட்டு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தோம். பிளக்கைத் துடைத்தோம். ஃபில்டரை ஊதினோம். "இக்னிஷன் காயில்தான் மாமா, சந்தேகமே இல்ல" என்று நான் அடித்துச் சொன்னதால் காயிலையும் இரவல் வாங்கி மாற்றினோம். இன்ஜின் நன்றாக உறுமியது. மைக்கை எடுத்தேன். நின்றது.

"மச்சான், உன் தொண்டைதான்டா கோளாறு. வாய மூடிக்கினு வா."

ரோஷத்தோடு மூடிக்கொண்டேன். மயிலம் வரை போய்த் திரும்பினோம், வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. "பாத்தியா?" என்று சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். ஓரம் கட்டி, மைக்கைப் பிடுங்கி, "அலோ" என்று முணுமுணுத்தார். ஓடியது. "அலோ!" என்று கத்தினார். நின்றது.

"அப்போ உங்க தொண்டையும் கோளாறுதான் மாமா."

அவர் அதைக் காதில் வாங்காமல் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். இக்னிஷனுக்குப் போகும் ஒயரிலேயே ஆம்ப்ளிஃபயர் ஒயரையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. சுற்றியது யார் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. நான் கத்தும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயர் கரண்டை இழுத்துக்கொள்ள, பழைய பாயிண்ட் மிச்சம் மீதியில் சமாளித்திருக்கிறது. புதுசுக்கு அந்தப் பொறுமை இல்லை. கொஞ்சம் குறைந்தாலும் பொறி தராது.

பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தனி ஒயர் இழுத்தோம்.

"இப்ப கத்து."

மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். "பக்தகோடிப் பெருமக்களேஏஏ..." என்று மூச்சு முட்டும்வரை இழுத்தேன். இன்ஜின் அசரவில்லை.

டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "யோவ், பேஜாரா கீது, நிறுத்துய்யா!"

"அவரு கெடக்கறாரு. இன்னொருவாட்டி சொல்லு மச்சான்."

மறுநாள் எந்த ஊரிலும் தள்ளுவதற்கு ஆள் தேடவில்லை. வேலையும் எங்களிடமே நின்றது. ஆனால் ஊர் தாண்டி, கடலைச் செடிகளைத் தவிர ஆளரவமில்லாத மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவிலும் மாமா என்னை மைக்கைக் கீழே வைக்க விடவில்லை. ஒரு காதை இன்ஜின் பக்கம் சாய்த்துக்கொண்டே, "சொல்லு மச்சான், சொல்லிக்கினே வா" என்றார்.