டம்ளரில் போடும் உப்பு

எங்கள் வீட்டில் கஞ்சி கொதிக்கும்போது உப்பு போடமாட்டோம். இறக்கி வைத்த பிறகும் போடமாட்டோம். அவரவர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, அவரவர் உப்பைக் கிள்ளிப் போட்டுக் கலக்கிக் குடிப்போம். அடுப்பு மாறியது, பாத்திரங்கள் மாறின, பெரிய காஞ்சிபுரத்துத் தெருவை விட்டுச் செவிலிமேட்டுக்கு வீடே மாறி வந்தாயிற்று. இது மட்டும் மாறவில்லை.

எனக்குச் சமையல் குறிப்பு சேர்க்கும் பைத்தியம் உண்டு. வெண்டைக்காய் வதங்கும்போது மூடி போடக் கூடாது. ரசம் நுரைத்து எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். தளதளவென்று கொதித்துவிட்டால் அதற்குப் பெயர் ரசமில்லை. தயிர்சாதத்துக்குச் சோறு சூடாக இருக்கும்போதே பாலை ஊற்றிப் பிசைய வேண்டும், தயிர் அப்புறம். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் அம்மாவிடம்கூட, அவர் இறங்குவதற்குள் ஒரு குறிப்பைக் கறந்துவிடுவேன். எல்லாம் போனில் இருக்கின்றன. காஞ்சிபுரம் என்றதும் எல்லோரும் என்னிடம் இட்லிக் குறிப்புதான் கேட்பார்கள். சுக்கை மாவாக்காதீர்கள், தட்டிப் போடுங்கள் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, நான் கஞ்சிக்கு வந்துவிடுவேன்.

போன வாரம் ஒரு தோழிக்கு இந்த உப்பு விஷயத்தை எழுதி அனுப்பினேன். அவள் ஒரே வார்த்தையில் கேட்டாள்: ஏன்?

தெரிந்த பதில்தானே என்று எழுத ஆரம்பித்தேன். "ஒருதடவை அரிசி புளித்துப்போனதால்..." என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். மூன்று புடவைக்கான பாவை ஒன்றாகத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டிக் கட்டி, விடிகிற நேரத்தில் அரிசிக் கஞ்சியைத் தெளித்துக் காயவைப்பார்கள். கஞ்சி நன்றாக அமைந்தால் இழை விறைத்து நிற்கும். அமையாவிட்டால் தறியில் அறுந்து அறுந்து, நெய்கிறவரை அழவைத்துவிடும்.

அந்தக் காலைகள் எனக்குக் கனவில் பார்த்தவை மாதிரித்தான் நினைவிலிருக்கின்றன. கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் தெருவே இருக்காது. அந்த இடத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் ஆறு, சில நாள் ஊதா ஆறு, ஓடாமல் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு கரையிலும் அக்கம்பக்கத்து மனிதர்கள் பேசிக்கொண்டே நடப்பார்கள். கோபுரத்துப் பக்கமிருந்து வெயில் வந்து இறங்கியதும் அத்தனை இழையும் ஒரே சமயத்தில் மினுங்கும். அப்புறம் எல்லோருக்கும் டம்ளரில் கஞ்சி வரும். மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, உப்பிட்டது. தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். எனக்குத் தெரிந்த கஞ்சி அதுதான். பாவும் மனிதர்களும் ஒரே அண்டாவிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறார்கள், முதலில் பாவுக்கு எடுத்துக்கொண்டு மீதியில்தான் உப்பும் மோரும் சேர்க்கிறார்கள் என்பதெல்லாம், எப்போதும் தாமதமாக எழுந்த எனக்குத் தெரியாது.

அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவது அத்தை. அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தாள். அத்தையின் நாக்கு தெருவில் பிரசித்தம். சாம்பாரை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, எந்த வீட்டு அம்மியில் அரைத்த மிளகாய் என்று சொல்லிவிடுவாள். மற்ற விதத்திலும் அந்த நாக்கு கொஞ்சம் நீளம். அம்மா திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பம். காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியும் பாவுக் கஞ்சியை அம்மா தொட்டதில்லை. தொடவிட்டதில்லை என்பதுதான் சரி.

பாவுக்குக் கஞ்சி போட நாள் குறித்திருந்த வாரம் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கட்டுப் போட்டிருந்தார்கள். அம்மா, தான் காய்ச்சுவதாகச் சொன்னாள்.

"நாத்து நட்ட கைமா உன்னுது. கஞ்சி வருமா?"

"வர்லன்னா கத்துக்கறேன் அண்ணி."

"மூணு பொடவை பாவு மேலயா கத்துக்குவ? நல்லா கீதே கதை."

எதிர்வீட்டு மாமா சமாதானத்துக்கு வந்தார். "அக்கா கை சரியாவற வரைக்கும் தள்ளிப்போடேம்பா."

"தறி காலியா கெடக்குது மாமா," என்றார் அப்பா. அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவர் எப்போதும் தறியைத்தான் நிறுத்துவார்.

கடைசியில் அத்தை இடது கையால் அரிசியை அளந்து, கழுவி, ஊறப் போட்டுக் கொடுத்தாள். "என் வேலை முடிஞ்சிது. மீதி உன் பாடு."

அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மற்றது புரியாவிட்டாலும் ஒன்று நன்றாகப் புரிந்தது. நாளைக் காலைக் கஞ்சி நன்றாக இருந்துவிட்டால் அம்மா இந்தத் தெருக்காரி ஆகிவிடுவாள். இல்லையென்றால் என்றைக்கும் நாத்து நட்ட கைதான். எப்படியாவது அம்மா ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலோடு நிறுத்தியிருக்கலாம்.

விடிவதற்கு முன் அம்மாவோடு நானும் எழுந்துகொண்டேன். சமையலறை முழுக்க ஆவி. அண்டாவில் கஞ்சி வெள்ளையாக, சோம்பலாக, ஒவ்வொரு குமிழாக வெடித்துக்கொண்டிருந்தது. வெந்த அரிசியின் வாசனையில் பாதித் தூக்கம் இன்னும் கண்ணிலேயே இருந்தது. அம்மா இறக்கி வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிடத் தெருவுக்குப் போனாள். நானும் அண்டாவும் மட்டும்.

கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது.

அம்மா பதற்றத்தில் உப்பை மறந்துவிட்டாள்! தெருவே குடிக்கப் போகிற கஞ்சி! அத்தை காய்ச்சியதற்கே போன தடவை எதிர்வீட்டு மாமா, "உப்பு கொஞ்சம் கம்மிக்கா," என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். அம்மாவை விடுவாரா? உப்பு ஜாடியை இழுத்து இரண்டு கை நிறையக் கல்லுப்பை அள்ளிப் போட்டேன். கரையும் வரை கலக்கினேன். மறுபடி குடித்துப் பார்த்தேன். பிரமாதம். பெருங்காயமும் கொஞ்சம் கரைத்து ஊற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள். பட்டு அந்தமட்டில் தப்பியது.

அம்மாவிடம் சொல்லவில்லை. எல்லோரும் குடித்துவிட்டுப் புகழ்வார்கள், அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மாம்பழ மஞ்சள் பாவு. தெரு நீளத்துக்கும் நீட்டிக் கட்டியிருந்தார்கள். இருட்டு கரைந்துகொண்டிருந்த நேரத்தில் கஞ்சி தெளித்து, இழைகளை நீவி விட்டுக்கொண்டே போனார்கள். நான் டம்ளர்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன். தெளித்தது அதே கஞ்சி என்பதைப் பார்த்தேன்தான். பட்டுக்கும் ருசியாக இருக்கட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் வந்தது. பாவு மினுங்கியது. ஆனால் காயவில்லை.

எதிர்வீட்டு மாமா இரண்டு விரலால் இழையைத் தேய்த்துப் பார்த்தார். "இன்னாபா இது, வெயிலு ஏறிக்கினே போவுது, நூலு இன்னும் பிசுபிசுன்னே இருக்குது?"

"யார் கஞ்சி?" என்று ஒரு குரல்.

"புதுக் கை."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அப்பா மட்டும் பார்க்கவில்லை. பாவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். அம்மாவின் முகம் சுருங்கியது அதைப் பார்த்துத்தான்.

உள்ளேயிருந்து அத்தை வந்தாள். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மஞ்சள் ஆற்றின் கரையோடு மெதுவாக நடந்தாள். நடுவில் நின்று இடது ஆட்காட்டி விரலால் இழையைத் தொட்டு, நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் பாவாடை மடிப்பில் இரண்டு உப்புக் கற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அவற்றைத் தட்டிவிட்டேன்.

"அரிசி புளிச்சிப்போச்சுபா," என்றாள் அத்தை. "ஊறவச்சது நானு. தண்ணி மாத்தணும், கை வலியில மறந்துட்டேன். இவ இன்னா பண்ணுவா? குடுத்த அரிசியதான காய்ச்சுவா."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அத்தையா? அத்தைக்கா உப்புக்கும் புளிப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை? திருத்திவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். "இல்ல அத்த, அது உப்..."

அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. அம்மாவின் இன்னொரு கையில் ஒரு விரல் மட்டும் கஞ்சியாக இருந்தது. அவளும் அண்டாவைத் தொட்டு ருசி பார்த்திருந்தாள்.

"அக்காவுக்கே புளிச்சிப்போச்சா!" எதிர்வீட்டு மாமாவுக்குக் கொண்டாட்டம். "ஊரக் கூட்டிச் சொல்லணும்பா இத!"

"சிரிடா சிரி. கொடத்த எடுத்துக்கினு வந்துட்டு அப்பறம் சிரி. வெயிலு போறதுக்குள்ள அலசணும்."

தெரு முழுக்கக் குடமும் பக்கெட்டுமாகக் கூடியது. பாவைத் தண்ணீர் விட்டு அலசினார்கள். மஞ்சள் ஆற்றிலிருந்து நிஜமாகவே தண்ணீர் சொட்டியது. கீழே கால்களுக்கு நடுவில் சின்னச் சின்னக் குளங்களாகத் தேங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. அண்டாவைக் கவிழ்த்துக் கழுவினார்கள். அம்மா அசையாமல் நின்றிருந்தாள்.

"அண்ணி..."

"நிக்காதம்மா. போய் அரிசியக் களை. இந்தத் தடவையும் நீதான் காய்ச்சணும்."

அத்தை சமையலறைப் பக்கமே போகவில்லை. என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாசலிலேயே இருந்தாள். நான் எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் "எங்க போற, உக்காரு," என்றாள். அவளுக்குத் துணை வேண்டும் போலிருக்கிறது என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.

உச்சி வெயிலில் பாவு காய்ந்தது. அப்பா விரலால் சுண்டினார். மெல்லிய, வறண்ட சத்தம் ஒன்று இழைகளுக்குள் ஓடித் தெருக்கோடியில் போய் நின்றது. எதிர்வீட்டு மாமா தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இனிமே எங்க வூட்டுப் பாவுக்கும் நீயே காய்ச்சிடு தாயி. அக்காவ நம்ப முடியாது, புளிக்க வச்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அதற்குப் பிறகு பாவுக் கஞ்சி அம்மாவுடையதாகவே இருந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் அத்தை அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அன்று மதியம் டம்ளர்களில் கஞ்சி ஊற்றும்போதுதான் அத்தை அந்தச் சட்டத்தைப் போட்டாள். "இனிமே இந்த வூட்ல அண்டால உப்பே சேரக் கூடாது. வேணும்ன்றவங்க டம்ளர்ல போட்டுக்கினு குடிங்க."

புளித்த அரிசிக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. இத்தனை வருடம் எல்லாக் குறிப்புக்கும் காரணம் கேட்டு அலைகிற நானும் கேட்கவில்லை. போன வாரம், பாதி எழுதிய பதிலோடு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டுக்கொண்டேன். உப்புச் சேர்ந்த இழை ஈரத்தை விடாது. அத்தை ருசித்தது உப்பைத்தான். தெரிந்தேதான் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

போய்க் கேட்கலாம். அத்தை அடுத்த அறையில்தான் இருக்கிறாள், டிவி பார்த்துக்கொண்டு. கேட்டால், "அரிசி புளிச்சிப்போச்சுன்னு அன்னிக்கே சொன்னனே," என்பாள். தோழிக்கு, "எங்கள் வீட்டு வழக்கம் அப்படி," என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

எட்டு வயதில் நான் வேறு மாதிரி முடிவு கட்டியிருந்தேன். பாவம், அத்தைக்கு நாக்கு செத்துப்போய்விட்டது. அவ்வளவு உப்பை உப்பென்று தெரியவில்லையே! வெளியே சொன்னால் வருத்தப்படுவாள் என்று ரகசியமாக வைத்துக்கொண்டேன். அவளுக்குக் கை முடியாததால் அவள் டம்ளரில் உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. கை சரியான பிறகும் அந்த வேலையை நான் விடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு சிட்டிகை போதும். அத்தைக்கு மட்டும், அவள் நாக்குக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று, யாரும் பார்க்காதபோது மூன்று சிட்டிகை போடுவேன்.

அத்தை முதல் வாயில் கண்ணை மூடித் திறப்பாள். என்னைப் பார்ப்பாள். பிறகு டம்ளரை அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருக்குது பாப்பா," என்பாள்.