ஹட்டனிலிருந்து கந்தப்பளை: வெட்கத்தோடு போன இரண்டு பயணங்கள்

நுவரெலியாவுக்கு ரயிலில் போகலாமா, பஸ்ஸில் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஹட்டனில் ஏறி நானுஓயாவில் இறங்குங்கள் என்பதுதான் என் பதில். தலவாக்கலைக்கு முன்னால் அருவிகள் தெரியும். இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் அந்தப் பாதையில் முதல்முறை போனபோது அருவியைப் பார்க்கவில்லை. 1950களின் நடுவில், இருபத்தொரு வயதில், ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன நோய் என்று இதுவரை எங்கும் எழுதியதில்லை. எண்பது தாண்டிய பிறகும் எழுதக் கை கூசுகிறது.

என் கணவர் வீட்டாருக்கு ஹட்டன் கடைத்தெருவில் பலசரக்குக் கடை இருந்தது. முதல் பிரசவத்தில் நாட்கணக்கில் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. கடைசியில் இறந்து பிறந்தது. அதற்குப் பிறகு என் சிறுநீர் என் கட்டுப்பாட்டில் இல்லை. இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருந்தது. நீண்ட வலியில் உள்ளே ஓட்டை விழுந்துவிடும் என்பதும், அதைத் தைத்து மூடலாம் என்பதும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மாமியார் கெட்டவர் இல்லை. முதலில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மாதங்கள் போனதும் சாமி அறைக்கு வர வேண்டாம் என்றார், பிறகு அடுப்படிக்கும். கடைசியில் கடைக்குப் பின்னால் காலிச் சாக்குகள் அடுக்கிய அறையில் எனக்குப் பாய் விரித்தார்கள். கேட்பவர்களிடம் நான் மாத்தளையில் தாய் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். கடையில் பெண்கள் வந்து பேசுவது எனக்குக் கேட்கும். இருமல் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். மாத்தளையில் இருப்பவள் ஹட்டனில் இருமக் கூடாது அல்லவா?

கடைக்குச் சாமான் வாங்க வந்த ஒரு தேயிலைத் தோட்டத்து டாக்டரையா வாடையை வைத்தே விஷயத்தை ஊகித்துவிட்டார். நுவரெலியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் இதற்கு ஆபரேஷன் செய்கிறார்கள் என்று என் கணவர் கணேசனிடம் சொன்னார். அடுத்த வாரமே கிளம்பினோம்.

கடைத்தெரு விழிப்பதற்கு முந்திய ரயில். மூன்றாம் வகுப்பு. புடவைக்குள் நான்கு மடிப்புத் துணி கட்டியிருந்தேன். ஹட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். எஞ்சின் கரிப்புகை பெட்டிக்குள் அடைத்துக்கொள்ளும், எல்லோரும் இருமுவார்கள். எனக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது. யாரும் யாரையும் பார்க்க முடியாது, என் வாடையும் புகைக்குள் போய்விட்டது. கொட்டகலையில் வெளிச்சம் வந்தபோது எதிரில் இருந்த பெண்பிள்ளை தாயிடம் என்னவோ முணுமுணுத்தாள். தாய் அவள் வாயைப் பொத்தி, மூட்டையையும் தூக்கிக்கொண்டு அடுத்த பலகைக்குப் போனாள். தலவாக்கலையில் கூட்டம் ஏறியது. உட்கார இடமில்லாமல் நின்றார்கள். என் பக்கத்தில் மட்டும் இடம் காலியாகவே இருந்தது. என் கணவர் ரயில் கதவருகே வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். என்னோடு வந்தவர் என்று அந்தப் பெட்டியில் யாருக்கும் தெரிந்திருக்காது.

நானுஓயாவில் இறங்கியதும் குளிர் ஈரப் புடவையைத்தான் முதலில் பிடித்தது. முன்பு அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ஒரு சின்ன ரயில் ஓடியது. நாங்கள் போனபோது அதை நிறுத்தி நாளாகியிருந்தது. பஸ்ஸில் ஐந்து மைல். கண்டக்டர் சிங்களத்தில் என் கணவரிடம் ஏதோ சொன்னார். கணவர் என்னைப் பார்க்காமல் கடைசி ஆசனத்தைக் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சாரம்மா. கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். வேதக்காரர், கிறிஸ்தவர். அவருக்கும் இதே நோய்தான், பல வருடங்களாக. இரண்டு முறை தைத்தும் பிரிந்துவிட்டது, மூன்றாவது முறைக்காக வந்திருந்தார். வீட்டுக்காரர் வேறொருத்தியோடு போய்விட்டார். மலையில் கொழுந்து பறிக்கக் கடைசி நிரையைத்தான் அவருக்குக் கொடுப்பார்களாம். "அதுவும் வசதிதான். காத்து அந்தப் பக்கமா போயிரும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நோயை வைத்து ஒருவர் சிரிக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

தொடைப் புண்ணுக்கு எண்ணெய் தடவவும், துணி நழுவாமல் மடித்துக் கட்டவும் அவர்தான் காட்டிக் கொடுத்தார். ஊரில் என்றால் எங்கள் வீட்டார் தோட்டத்துப் பெண்களுக்குக் கடை வாசலோடு சாமான் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே ஒரு தோட்டத்துப் பெண் என் துணியைத் தொட்டு அலசினார். எனக்குக் கூச்சத்தில் தலை நிமிரவில்லை.

பொழுது சாய்ந்ததும் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக ஜெபம் செய்வார். நர்ஸ் அதட்டினாலும் நிறுத்த மாட்டார். "ஆண்டவரே, எனக்கும் பக்கத்துக் கட்டில் புள்ளைக்கும் இந்த ஒழுகுறத நிறுத்திக் குடுங்க" என்று அதையும் எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார். நான் போர்வைக்குள் புகுந்துகொள்வேன்.

ஒரு நாள் வேதத்தில் வரும் கதை ஒன்றைச் சொன்னார். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் வாடிய பெண் ஒருத்தி. கூட்டத்துக்குள் புகுந்து, யாருக்கும் தெரியாமல் இயேசுவின் உடுப்பு ஓரத்தைத் தொடுகிறாள். அந்தக் கணமே நின்றுவிடுகிறது. இயேசு அதோடு விடவில்லை. நின்று, என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து, இத்தனை பேர் முன்னால் எல்லாவற்றையும் சொல்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. குணமாக்கியவர் பேசாமல் போயிருக்கக் கூடாதா, அந்தப் பெண்ணை எதற்கு எல்லோர் முன்னாலும் நிறுத்தினார் என்று கேட்டேன். தனக்கும் அது விளங்கவில்லை என்றார் சாரம்மாக்கா.

இருவருக்கும் ஒரே வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. பல நாட்கள் சிறுநீர்க் குழாயோடு படுத்திருந்தோம். குழாயை எடுத்த அன்று நான் மூச்சைக்கூடப் பலமாக விடவில்லை. மறுநாள் காலை துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. திரும்பவும் தொட்டேன். பக்கத்துக் கட்டிலில் சாரம்மாக்கா எழுந்து உட்கார்ந்து, தன் துணியை அவிழ்த்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் பொருளை நான் திருடிவிட்டதைப் போல் இருந்தது. அந்த ஜெபங்களில் ஒன்றுக்குக்கூட நான் ஆமென் சொன்னதில்லை. கேட்டவருக்குக் கிடைக்காதது, போர்வைக்குள் ஒளிந்தவளுக்குக் கிடைத்திருந்தது.

வார்டுக்குப் பின்னால் ஒரு குழாயடி. காலையில் இருவரும் அங்கேதான் துணி துவைப்போம். அன்றும் போனேன். காய்ந்த துணிகளைத் தண்ணீரில் முக்கிச் சோப்புப் போட்டு, அவரைப் போலவே கல்லில் அடித்தேன். இப்படியே சில நாட்கள். ஒரு காலையில் அவர் துவைப்பதை நிறுத்தினார். அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் பேசுவார்.

"காஞ்ச துணிய எதுக்குத் தொவைக்கிற தங்கச்சி?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. அழுகை வந்தது.

"நான் ரெண்டு பேருக்குத்தான கேட்டேன். ஒனக்குக் குடுத்துட்டாரு. நான் கேட்டதுல பாதி வந்துருச்சு. அதையும் நீ ஒளிச்சு வச்சா எனக்கு என்ன இருக்கு, சொல்லு?"

அவர் கண்களும் கலங்கியிருந்தன. பொறாமையே இல்லை என்று நான் எழுத மாட்டேன். அன்று முழுவதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார். ஆனால் பொழுது சாய்ந்ததும் எழுந்து உட்கார்ந்து, எனக்காக நன்றி சொன்னார். பிறகு தனக்காகத் திரும்பவும் கேட்டார். அன்றுதான் நான் போர்வையை விலக்கி ஆமென் சொன்னேன். எனக்கு விசுவாசம் வந்த நாள் எது என்று கேட்டால், குழாய் எடுத்த நாளைச் சொல்ல மாட்டேன். இந்த நாளைத்தான் சொல்வேன்.

என்னை அழைத்துப்போக வந்த கணவர், மாத்தளையிலிருந்து வருவதாகவே சொல்லிக்கொள்ளலாம் என்று ரயிலிலேயே சொல்லிவைத்தார். ஹட்டன் ஸ்டேஷனில் எதிரில் வந்தது எங்கள் பக்கத்துக் கடைக்கார அம்மா. தாய் வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார்.

"தாய் வீட்டுக்குப் போகலக்கா. ஆஸ்பத்திரில இருந்தேன்" என்றேன். "புள்ள செத்ததுலேர்ந்து எனக்கு மூத்திரம் நிக்காம போயிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நின்னுருச்சு."

அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் தண்டவாளத்தைப் பார்த்தேன். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வெகுதூரம் நடந்துவிட்டார். பல நாட்கள் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் பின்னறைக்கு வந்தார். "நீ சொன்னது சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா அம்மா ஒன்ன அடுப்படிக்குக் கூப்புடுறாங்க."

ஒன்றரை வருடம் போல ஹட்டனில் ஒரு போதகரிடம் வேதம் கற்றேன். ஆஸ்பத்திரியில் வேதக்காரர்கள் ஊற்றிய கஞ்சிக்காக வேதத்தில் சேருகிறாள் என்று கடைத்தெரு பேசியது. அதை முழுப் பொய் என்று மறுக்க எனக்கு வாய் வரவில்லை. மாதக்கணக்கில் யாரும் பக்கத்தில் வராமல் இருந்தவளுக்கு, கையில் கிடைத்த சூடான கஞ்சி சாதாரண விஷயம் இல்லை.

ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக ஒருவர் நிற்க வேண்டும் என்றார்கள். சாரம்மாக்கா என்றேன். அதனால்தான் அது கந்தப்பளையில் நடந்தது, அதுதான் இரண்டாவது பயணம். அதே ரயில், நானுஓயாவிலிருந்து பஸ், நுவரெலியாவில் மாறிக் கந்தப்பளைக்கு இன்னொரு பஸ். இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏற்றத்தில் அரை மணி நடை. என் கணவரும் வந்தார். உள்ளே வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தூறலில் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார்.

சின்னக் கல் கோயில். தோட்டத்து லய வீடுகளின் ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். சாரம்மாக்கா பின்வாசல் நிலையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தையலும் பிரிந்ததுதான், இனி முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"வேணாம் தங்கச்சி. நான் வந்தா எல்லாரும் மூக்கப் புடிப்பாங்க. நல்ல நாளும் அதுவுமா, ஒனக்கு எதுக்கு?"

அதைக் கேட்டதும் ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. புதுப் புடவை கட்டியிருந்தேன், வாசலில் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் பட்ட எந்த வெட்கமும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது. சாக்கு அறையில் பட்டது என் உடம்பைப் பற்றிய வெட்கம். இது என்னைப் பற்றியது.

முன்னால் நின்ற போதகரிடம் போய், பின்வாசலிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் சாரம்மாக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பித்தளைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் நீளத்துக்கும் நடந்து வந்தார். சபை முழுவதும் பின்னால் திரும்ப வேண்டியதாயிற்று. முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு பேர் வெளியே போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். நான் முழங்காலில் நிற்க, சாரம்மாக்கா கொழுந்துக் கறை ஏறிய கையை என் தோளில் வைத்தார். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டுதான் நின்றார். ஆனால் நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் என் கணவர் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு நிக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்குக் கும்புடுறாங்க?"

சாரம்மாக்காவையே கேளுங்கள் என்றேன். அதற்கடுத்த வருடம் நான் கந்தப்பளைக்குப் போனபோது என் கணவரும் வந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்கவே செய்தார். "அவருகிட்ட பேசாம வேற யாருகிட்ட பேசுறதுங்க ஐயா? மூக்கப் புடிக்காம கேக்குறவரு அவருதான்" என்றார் சாரம்மாக்கா. என் கணவர் கடைசிவரை சைவராகவே இருந்தார். ஆனால் அந்த லயத்தில் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். சாரம்மாக்கா அறுபதுகளின் நடுவில் மார்ச்சளி கண்டு இறந்தார். அதுவரை ஆண்டுதோறும் போய்ப் பார்த்தேன்.

இனிப் போகிறவர்களுக்கு. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு எட்டுக் கிலோமீட்டர், பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். கந்தப்பளைக்கு நுவரெலியாவிலேயே பஸ் மாற வேண்டும். மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். வழுக்காத செருப்பும் குடையும் கட்டாயம் வேண்டும். என்னைப் போல் நோயோடு போகிறவர்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு துணி எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதல் கேள்வி கேட்கும்போதே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வெட்கம் போன பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது இன்னும் போகவில்லை. அதோடுதான் இதை எழுதி முடித்திருக்கிறேன்.