வரி குறைந்த கிராமம்: சோலோதுர்னிலிருந்து இருபது நிமிடம்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பிளாஸ்கில் இஞ்சித் தேநீர் கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன். வெறும் தேநீரா இஞ்சித் தேநீரா என்ற கேள்வி சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோனில் உள்ள எங்கள் சமையலறையை இரண்டு நாள் பிளவுபடுத்தியிருந்தது. முடிவெடுத்த பின் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை. சுவிஸ் நகரமான சோலோதுர்னுக்கு மேலே உள்ள மலைக் கிராமம் ஒன்றில், ஊரார் கை தூக்கி வாக்களிக்கும் பொதுக்கூட்டத்துக்கு, அங்கே வசிக்கும் நண்பர் குணம் அண்ணை அழைத்திருந்தார். சோலோதுர்ன் முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்குக் காலை 6.30க்கு வேலை. பார்வைக் குறைவால் கார் ஓட்ட முடியாது, 5.50 பஸ்தான் கதி. அந்த பஸ்ஸுக்குக் கிராமம் கொடுக்கும் பங்கை நிறுத்திவிட்டு, ஊர் வரியைக் குறைக்கலாமா என்பதே அன்றைய கேள்வி. வேலை நேரத்தை மாற்றித் தர முடியாது என்று இல்லத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

ரயில் ஒரு மணி பத்து நிமிடம். அரைக்கட்டண அட்டையோடு ஒரு வழிக்குச் சுமார் பதினான்கு பிராங். நிலையத்தில் அண்ணையின் மகள் துளசி காத்திருந்தாள். மஞ்சள் பஸ்ஸில் ஏறியதும் புத்தகத்தைத் திறந்தாள்.

"நாளைக்கு வரலாற்றுப் பரீட்சை, மாமா. வரியும் சட்டமும் அமெரிக்கக் குடியேறிகளை என்னெண்டு விடுதலைக்குத் தள்ளினது எண்டு எழுதோணும். முதல் சீனி, பிறகு முத்திரைத் தாள், பிறகு தேயிலை. லண்டன் பாராளுமன்றத்திலை அவையளுக்கெண்டு ஒரு ஆளும் இல்லை. சனம் கப்பல்லை ஏறித் தேயிலையைக் கடலுக்குள்ளை கொட்டினாப் பிறகு துறைமுகத்தையே பூட்டிப்போட்டினம்."

கொட்டப்பட்டது வரி சேர்த்தும் விலை குறைந்த தேயிலை என்று நான் சேர்த்தேன். அதற்கு எத்தனை புள்ளி கிடைக்கும் என்று கேட்டாள். சன்னலுக்குக் கீழே ஆற்றைப் பார்த்தேன். என்னிடமும் தேநீர் இருந்தது. ஆனால் சுவிஸில் ஆற்றில் எதையாவது கொட்டினால் அபராதம்.

கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில், 19.30க்கு. அனுமதி இலவசம். வாக்குள்ளவர்களுக்கு நடுவில் நாற்காலி. இல்லாதவர்களுக்குச் சுவரோரம் ஒரு நீள மர வாங்கு. துளசிக்குப் போன வருடம் குடியுரிமை கிடைத்ததால் அவள் நடுவில். இருபத்தேழு வருடமாக வரி கட்டும் அண்ணைக்குக் குடியுரிமைக்கான டொச் மொழி எழுத்துப் பரீட்சை இரண்டு முறை சரிவரவில்லை. அவர் என்னோடு வாங்கில். மடியில் ஒரு பெரிய தட்டு. கூட்டம் முடிந்து பரிமாறும் சிற்றுண்டிக்கு அவரிடம்தான் ரோல்ஸ் கேட்டிருந்தார்கள்.

"யோசியாதை. எல்லாரும் என்ரை ரோல்ஸ் திண்ட சனம். பஸ்ஸை நிப்பாட்டக் கை தூக்காயினம்," என்றார் என்னிடம்.

தலைவர் விவரத்தை வாசித்துவிட்டு, யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். துளசி பாதி எழுந்து அப்பாவைப் பார்த்தாள். அண்ணை தட்டுக்கு மேலால் கையை அசைத்தார்: இரு. அவள் உட்கார்ந்தாள். வேறு யாரும் பேசவில்லை. வரியைக் குறைக்கக் கைகள் எழுந்தன. எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பஸ்ஸுக்காக உயர்ந்த சில கைகளில் ஒன்று துளசியுடையது.

ரோல்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒருவர் அண்ணையின் தோளில் தட்டி, பிரமாதம் என்றார். அவர் முழு மனதோடு சொன்னார், நான் கவனித்தேன்.

வெளியே பனி. துளசி வெறும் தட்டைப் பிடித்திருந்தாள்.

"அவங்கள் கப்பல்லை ஏறினவங்கள் அப்பா. நீங்கள் ரோல்ஸ் பொரிச்சனீங்கள்."

"நீ எழும்பிக் கதைச்சிருந்தா எல்லாரும் எங்களைத்தான் பாத்திருப்பினம், பிள்ளை."

"இப்ப ஒருத்தரும் பாக்கேல்லை."

நான் தேநீரை ஊற்றினேன். ஆறியிருந்தது. மூவரும் குடித்தோம்.

வாக்கில்லாதவருக்கு எதிராக இங்கே யாரும் கொடுமை செய்வதில்லை. அவருக்கு வாங்கு உண்டு, நன்றி உண்டு. எதை எதிர்த்து எழுவது என்று தேடினால் கைக்கு அகப்படாது. வரிகூட அவருக்கும் சேர்த்தே குறைந்திருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: வரவுசெலவுக் கூட்டம் அநேகமாக டிசம்பரில், பார்வையாளராக யாரும் போகலாம். தடித்த சப்பாத்து போடுங்கள். ஊரில் கடை இல்லை. ஜனவரியிலிருந்து கிராமத்தின் முதல் பஸ் 6.48க்கு.